உப்பில்லாத ஆறு வாரம்

உங்கள் வீட்டு அடுப்பிலும் காலையில் ஒரு கண்ணாடிக் குழாயில் பிள்ளையின் மூத்திரம் காய்கிறதா? அப்படியானால் இது உங்களுக்காக எழுதியது. மற்றவர்களும் படிக்கலாம். பசிக்கிற பிள்ளைக்கு முன்னால் தட்டை இழுத்துக்கொள்ள வேண்டிய நாள் யாருக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

முதலில் எல்லோரும் பாராட்டத்தான் செய்தார்கள். என் மகள் கயல் ஏழு வயதுவரை ஒட்டிய கன்னமும் குச்சிக் கையுமாகத் திரிந்தவள். அந்த ஆடி மாதம் அவள் கன்னம் நிறைந்தது. தாடிக்கொம்பிலிருந்து வந்த என் அக்கா வசந்தா அவள் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, "இப்பத்தான்டா பிள்ள செத்த பூசுனாப்புல இருக்கா, கண்ணு பட்டுரப் போகுது" என்று நெட்டி முறித்தாள். பள்ளிக்கூடத்து டீச்சர்கூட அதையே சொன்னார். பூசினாற்போல. எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பாராட்டு அது. ஒரு வாரம் அந்தச் சொல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

எட்டாம் நாள் காலையில் அவளால் கண்ணைத் திறக்க முடியவில்லை. இமை இரண்டும் பணியாரம்போல உப்பிக் கிடந்தன. பூச்சிக் கடி என்றேன். என் மனைவி செல்வி பிள்ளையின் காலை மடியில் வைத்துக் கணுக்காலில் விரலை அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி எழும்பவில்லை. ஈர மண்ணில் மிதித்த தடம்போல அப்படியே நின்றது. நாங்கள் சதை என்று கொண்டாடியது தண்ணீர்.

மருத்துவமனையில் பெண் டாக்டர். பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். நெஃப்ராடிக் சிண்ட்ரோம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். "கிட்னி ரெண்டும் ரெண்டு சல்லடைன்னு வச்சுக்கங்க. ரத்தத்தைச் சலிச்சுக் கழிவை மட்டும் கீழ விடணும். இவளுக்குச் சல்லடைக் கண்ணு பெருசாயிருச்சு. உள்ள நிக்க வேண்டிய புரதம் ஒழுகிப் போகுது. புரதம் குறைஞ்சா தண்ணி ரத்தக் குழாய்க்குள்ள நிக்காது. கசிஞ்சு வந்து கண்ணுல, கால்ல, வயித்துல தேங்கும். உப்பு உள்ள போனா அந்தத் தண்ணியப் புடிச்சு வச்சுக்கும்."

ஸ்டீராய்டு மாத்திரை, தினமும், ஆறு வாரம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதற்கு முன்பே ஒழுக்கு நின்றுவிடும். நிற்காவிட்டால் மதுரைக்குப் போய் முதுகுப் பக்கமாக ஊசி விட்டுச் சிறுநீரகத்தில் நூலளவு சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்க வேண்டும். அதுதான் பயாப்ஸி. மாத்திரைக்கு அடங்காத வகையென்றால் வேறு மருந்து, வேறு பாதை. அவர் சொன்னதில் என் காதில் நின்றது ஆறு வாரம் மட்டும்தான்.

கடைசியாக மூடியை மாட்டி வைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இந்த மாத்திரைக்குப் பசிக்கும். பேய்ப் பசி பசிக்கும். உப்பில்லாமச் சாப்பிடணும், அளவாச் சாப்பிடணும். உங்களுக்குப் பெரிய பாடே அதுதான்."

பிள்ளைக்குப் பசித்தால் என்ன பாடு என்று நினைத்தேன். ஏழு வருடமாக ஒரு வாய் சோற்றுக்கு நிலாவையும் காக்காயையும் காட்டிக் கெஞ்சியவன் நான்.

*

ஒன்பது நாள் வார்டில் இருந்தோம். செல்விக்கு ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை. விடுப்பு நான்கு நாள்தான் கிடைத்தது. நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். கடையைச் சாத்தினால் கேட்க ஆள் கிடையாது, கிணற்று மோட்டார் எரிந்துபோன சம்சாரிகளைத் தவிர. அதனால் பிள்ளைக்குத் துணை நான்.

துணை என்றா சொன்னேன், ஓரிடத்தில் உட்கார்ந்தால்தானே. கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து தண்ணீர்க் குழாய், அங்கிருந்து நர்ஸ் மேசை. "அண்ணே, நீங்க நடக்குற நடைக்குப் பழனிக்கே போயிருக்கலாம்" என்றாள் நர்ஸ். அவள்தான் ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தாள். குடித்த தண்ணீர் ஒரு பக்கம், கழித்தது மறுபக்கம். ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று அளவு. கயல் கடைசி டம்ளரைச் சொட்டுச் சொட்டாக நக்கிக் குடிப்பதைப் பார்க்கக்கூடாது என்று நான் போர்வையை மடிப்பேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடிப்பேன்.

நான்காம் நாள் பசி வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது, குடியேறியது. இட்லியைத் தின்று முடித்த கையோடு, "அடுத்து எப்பப்பா?" என்றாள். பத்து நிமிடத்தில் மறுபடி. மதியச் சோறு வரும் டிராலியின் ஒரு சக்கரம் கிரீச்சிடும். அது மாடிப்படி முனையில் திரும்பும் முன்பே இவளுக்குக் கேட்டுவிடும். கட்டிலில் முழங்காலிட்டு நிமிர்ந்துவிடுவாள். உப்பில்லாச் சோறு, உப்பில்லாப் பருப்பு, முட்டையின் வெள்ளை. முகம் கோணும். ஆனாலும் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

அடுத்த கட்டிலில் பேகம்பூர் ஜமீலாக்கா. அவர் மகனுக்கு விடாத காய்ச்சல். வீட்டிலிருந்து தூக்குவாளி வந்ததும் அவர் அதைத் திறக்காமல் எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். அங்கே நின்றுகொண்டு, சுவரைப் பார்த்தபடி அவசரமாகச் சாப்பிடுவார். "இங்கனயே உக்காந்து சாப்பிடுங்கக்கா" என்றேன் ஒருநாள். "அட போங்க தம்பி, அந்தப் பிள்ள கண்ணு முன்னால நான் எப்புடி வாயில வைக்கிறது? எனக்குத் தொண்டையில எறங்குமா?" கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, வாசனை போய்விட்டதா என்று முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே வருவார்.

அந்த ஜமீலாக்கா ஒருநாள் போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கினார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக எட்டிப் பார்க்காத கொழுந்தன் போலிருக்கிறது. "ஏன், நீயெல்லாம் சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கிற? ரோசம் வேணாம்?"

இந்தக் கட்டிலிலிருந்து கயல் நிதானமாகச் சொன்னாள்: "நான் போட்டுத் திங்கிறதில்ல அத்தை."

வார்டே சிரித்தது. ஜமீலாக்கா போனைத் துண்டித்துவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். சிரித்துக்கொண்டே இருந்தவர் முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார். கயலுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று விளங்கவில்லை. "உப்பு போட்டா உப்பிருவேன்ல? அதான சொன்னேன்" என்றாள் என்னிடம். உப்பு, உப்புதல். நாற்பத்தேழு வருடம் இந்த மொழியில் புழங்கியவன். இரண்டு சொல்லும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

*

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொடுத்துக் காய்ச்சப் பழக்கினாள். காலையில் முதல் மூத்திரம். குழாயில் முக்கால். மேல் பாதியை மட்டும் தணலில் காட்ட வேண்டும். இரண்டு சொட்டு வினிகர். தெளிவாக நின்றால் நல்லது. பால் திரிவதுபோல வெள்ளையாகத் திரிந்தால் புரதம் போகிறது. மூன்று நாள் தொடர்ந்து தெளிவாக இருந்தால் நோய் அடங்கிவிட்டது என்று கணக்கு.

அடுப்பின் இடப்பக்கம் குழாய், வலப்பக்கம் சாப்பாடு. காலை ஆறு மணிக்கு எடை மெஷினில் அவளை நிறுத்துவேன், குழாயைக் காய்ச்சுவேன், தாளில் குறிப்பேன். தண்ணீர் வடிந்து எடை இருபத்து நான்கிலிருந்து இருபதுக்கு வந்தது. கண் திறந்தது. கன்னம் மட்டும் மாத்திரையால் உருண்டு நின்றது. ஆனால் குழாயில் பால் திரிந்துகொண்டே இருந்தது.

பசியோ அவளைவிட வேகமாக வளர்ந்தது. ஊரும் எங்கள் ஊர்! பத்து மணிக்கெல்லாம் தெருவுக்கு ஒரு பிரியாணி அண்டா தம் உடைக்கும். ஜன்னலைச் சாத்தினேன். வாசனைக்குக் கதவேது. சோற்றை ஒரு தட்டில் வைத்தால் ஒரு தட்டுதானே என்பாள். அதையே நான்கு கிண்ணத்தில் பிரித்து நான்கு வேளையாக்கினேன். வெள்ளரிக்காய், முளைகட்டிய பயறு, சுரைக்காய்க் கூட்டு. எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி என்று உப்பின் இடத்தில் யார் யாரையோ உட்கார வைத்துப் பார்த்தேன். யாரும் பொருந்தி உட்காரவில்லை. பிஸ்கட்டும் ஊறுகாயும் அப்பளமும் வீட்டைவிட்டுப் போயின. மிஞ்சிய உப்பு ஜாடியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். நான் நடக்கும்போதெல்லாம் அது இடுப்பில் குத்தியது.

"இன்னொரு வாய்ப்பா. ஒரே ஒரு வாய்."

"அம்புட்டுத்தான் தங்கம். மூணு மணிக்குத் தாரேன்."

"மூணு மணி எப்ப வரும்?"

"சின்ன முள்ளு மூணுக்கு வரும்போது."

கடிகாரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வாள். அண்ணாந்தபடியே. நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பேன். பிள்ளை கேட்டதைக் கொடுப்பதற்காகத்தான் சம்பாதிக்கிறோம் என்று நம்பியிருந்தவனுக்கு, கொடுக்காமல் இருப்பதே நாள் முழுக்க வேலை.

வீட்டில் எல்லோருக்கும் உப்பில்லாச் சாப்பாடுதான் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் வாழைப்பழம் வாங்கப் போனவன் டீக்கடையில் ஒரு பருப்பு வடையைத் தின்றுவிட்டேன். நின்றுகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே. வீட்டுக்குள் நுழைந்ததும் கயல் எதிரே வந்து நின்றாள்.

"அப்பா, வாயை ஊது."

"எதுக்கு?"

"ஊதுப்பா."

ஊதினேன். அவள் முகர்ந்து பார்த்தாள். திரும்பிக் கடிகாரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். செல்விதான், "உங்களுக்கு ஒரு வடை கேக்குது பாருங்க" என்றாள். மில் கேண்டீன் சாம்பாரை நினைத்தோ என்னவோ, மேற்கொண்டு பேசவில்லை.

*

நான்காவது வாரம் முடியப்போகிறது. குழாய் தெளியவில்லை. மதுரைக்குப் போகும் பேச்சு வீட்டில் எழாமலே எல்லா இடத்திலும் நின்றது. வசந்தாக்கா வந்தாள்.

"ஏலே, நம்ம அம்மன் கோயில்ல உப்பும் மிளகும் கொட்டுறதா வேண்டியிருக்கேன். பிள்ள கையால கொட்டணும். உப்பு கரையிற மாதிரி நோவு கரைஞ்சிரும்."

"கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கக்கா."

"மத்தியானம் போவோம். அந்நேரம் அங்கன நாய்கூடக் கெடக்காது."

போனோம். தாடிக்கொம்பைத் தாண்டி, வெங்காயக் காட்டு நடுவே, ஆளில்லாத கோயில். பலிபீடத்தடியில் முன்பு யார் யாரோ கொட்டிய உப்பும் மிளகும் வெயிலில் கறுப்பும் வெளுப்புமாகக் கிடந்தன. அக்கா பொட்டலத்தைப் பிரித்துக் கயலின் இரண்டு கையிலும் நிறைத்தாள். நான்கு வாரம் கழித்து அவள் கையில் உப்பு. கல்லுப்பு. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்தையுமா அத்தை?"

"எல்லாத்தையும்தான் தாயி. கொட்டு."

கொட்டினாள். நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. கூட்டிக்கொண்டு போய்க் குழாயடியில் கையைக் கழுவிவிட்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் சொன்னாள்: "அப்பா, உப்பு எப்புடி இருக்கும்னு எனக்கு மறந்துபோச்சு."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ பாடத்தை மறந்துவிட்டதுபோலச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அக்கா தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள். இந்துப்பு. "இது உப்பில்லடா, மருந்து. பத்தியத்துக்கே இதைத்தான போடுவாக. உன் பொண்டாட்டி பிள்ள பெத்து இருந்தப்ப நான் என்னத்தப் போட்டு ரசம் வச்சேன்? நாட்டு மருந்துக் கடையில வாங்குற சாமான் பிள்ளைய என்ன செய்யும்?" எனக்கும் அது ஞாபகம் இருந்தது. பத்தியம் என்றால் இந்துப்பு. பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு. அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்கு நம்ப வேண்டியிருந்தது.

ஒரு சிட்டிகை. ரசத்தில். கயல் ஒரு மடக்குக் குடித்தாள். கண்ணை அகலத் திறந்தாள். "அப்பா, இன்னைக்கு ரசம் ரசமா இருக்கு!"

செம்புக் கம்பியை எத்தனை சுற்று என்று பிசகாமல் எண்ணுகிறவன் நான். ஒரு சுற்று கூடினால் மோட்டார் சூடாகும். அந்தச் சிட்டிகையை மட்டும் எண்ணவில்லை. ரசத்திலிருந்து முட்டைக்கு, முட்டையிலிருந்து கூட்டுக்கு என்று அது நடந்துபோனது. நானும் அதன் பின்னாலேயே நடந்தேன்.

ஆறாம் நாள் எடை இருபத்தொன்று. மறுநாள் இருபத்தொன்றரை. அதற்கு மறுநாள் கண் மறுபடி உப்பியது.

வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். எங்கே தின்கிறாள்? யார் கொடுக்கிறார்கள்? அவளுடைய பென்சில் டப்பாவில், ரப்பருக்கு அடியில், காகிதத்தில் மடித்த கல்லுப்பு. நடுவே மூன்று மிளகு. மிளகைப் பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சாமிக்குப் போட்டதில் திருடியிருக்கிறாள்.

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. அவள் முதுகில் ஓர் அடியும் வைத்தேன். மருந்தால் வீங்கிய அந்தச் சின்ன முதுகில்.

"திங்கலப்பா! நான் திங்கவே இல்ல!"

"பொய் சொல்லாத! கண்ணு ஏன் உப்புது?"

"எண்ணிப் பாரு! பதினோரு கல்லு. எண்ணிப் பாருப்பா!"

நான் எண்ணவில்லை. காகிதத்தோடு அலமாரியில் போட்டுப் பூட்டினேன்.

மறுநாள் டாக்டர் அவள் காலை அழுத்திப் பார்த்தார். "உப்பு போயிருக்கே."

"திருடித் தின்னுருக்கா டாக்டர். வீட்டுச் சமையல்ல நான் துளிகூடப் போடுறதில்ல. இந்துப்பு மட்டும்தான், அதும் சிட்டிகை."

பேனா மூடி பாதியில் நின்றது. "இந்துப்பும் உப்புதாங்க. பாறையில வெட்டி எடுக்குற உப்பு. உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்." பிறகு கோபமில்லாமல் கேட்டார்: "பேர்லயே உப்பு இருக்கேங்க?"

இருந்தது. இந்து - உப்பு. பிறந்ததிலிருந்து சொன்ன சொல். ஒருநாளும் உடைத்துப் பார்த்ததில்லை. புரதம் ஒழுகுவது நோயால்; அதை உப்பு கூட்டவோ குறைக்கவோ செய்யாது; ஆனால் வீக்கத்தைக் கொண்டுவந்தது நீங்கள் போட்டதுதான் என்றார். ஆறு வாரம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதுவரை பார்ப்போம் என்றார். கயல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியைத் திறந்தேன். காகிதத்தைப் பிரித்தேன். உள்பக்கம் பென்சிலால், கோணலாக, 11 என்று எழுதியிருந்தது. எண்ணினேன். பதினொன்று. மூலைகூட மழுங்காத பதினோரு கல். பேய்ப் பசியோடு, பத்து நாள், தன் டப்பாவில் உப்பை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூட அவள் நாக்கில் வைக்கவில்லை. ஒரு வடைக்கு முன்னால் நிற்க முடியாதவன் அவளை அடித்திருக்கிறேன்.

"எதுக்குடா தங்கம் எடுத்து வச்ச?"

"நல்லானப்புறம் போட்டுக்கிறதுக்கு. எல்லாத்தையும் சாமிகிட்டக் கொட்டிட்டா அப்புறம் நமக்கு?"

"ரசத்துல போட்டது அப்பாதான். அப்பாதான் தப்புப் பண்ணிட்டேன்."

"அப்ப ரசம் ரசமா இருந்தது அதனாலயா?"

"ஆமா."

"அப்ப நாளைக்கு மறுபடி தண்ணியா?"

"ஆமாடா."

"உனக்கும் தண்ணிதான?"

"எனக்கும்தான்."

"சரி" என்றாள். காகிதத்தை வாங்கித் தன் டப்பாவில் வைத்துக்கொண்டாள். நான் பூட்டை எடுத்துக் குப்பையில் போட்டேன். அந்த வீட்டில் பூட்டி வைக்க வேண்டிய ஆள் அவள் இல்லை.

*

வீக்கம் மூன்று நாளில் வடிந்தது. குழாய் திரிந்தது. மறுநாளும் திரிந்தது; ஆனால் பால்போல இல்லை, அரிசி களைந்த தண்ணீர்போல. நான் நம்பவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், செல்வி ஷிப்ட் முடிந்து வந்ததும் அவளிடம் காட்டினேன். மதுரைக்கு எடுத்துப்போக வேண்டிய துணிகளை அவள் மடித்து ஒரு பையில் வைத்திருந்தாள். நான் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு வாரம் முடிய மூன்று நாள் இருக்கும்போது குழாய் தெளிந்து நின்றது. மறுநாளும். மூன்றாம் நாள் காலையில் மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி நின்றோம். மேல் பாதி கொதித்தது. இரண்டு சொட்டு வினிகர். தெளிவு. குழாய்க்குப் பின்னால் கயலின் உருண்டை முகம் நெளிந்து நெளிந்து தெரிந்தது. செல்வி உள்ளே போய்ப் பையைப் பிரித்துத் துணிகளைக் கொடியில் போட்டாள்.

டாக்டர், மாத்திரை இன்னும் பல வாரம் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். சளி பிடித்தால் நோய் திரும்பலாம். பல பிள்ளைகளுக்குத் திரும்புகிறது. குழாயைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். அதனால் இன்றும் காய்ச்சுகிறேன். வெள்ளை தெரிகிறதா என்று பார்க்கும் அந்த இரண்டு நிமிடம் என் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. கடைசியாகச் சொன்னார்: "சாப்பாட்டுல லேசா உப்பு சேத்துக்கலாம். லேசா."

அன்று மதியம் ரசம் வைத்தேன். கயல் பென்சில் டப்பாவோடு வந்தாள். மிளகைத் தனியே பொறுக்கி வைத்தாள். ஒரு கல்லை எடுத்தாள். ரசத்தில் போடப் போகிறாள் என்று கிண்ணத்தை நீட்டினேன்.

"அப்பா, வாயைத் தொற."

திறந்தேன். நாக்கின் மேல் வைத்தாள். அது கரையும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கூர்மையான மூலைகள் ஒவ்வொன்றாக மழுங்குவது எனக்குத் தெரிந்தது.

"எப்புடி இருக்கு?"

சப்புக்கொட்டிப் பார்த்தேன். எனக்கும் மறந்துதான் போயிருந்தது.

அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு டப்பாவை மடியில் வைத்து, காகிதத்தில் இருந்த 11ஐ ரப்பரால் அழித்துவிட்டு, 10 என்று எழுதினாள்.